தெருக்காவல் குழுவில் நம்பிக்கையைப் படிப்படியாகக் கட்டுவது எப்படி?

சமூக ஒழுங்கு குலைவது என்றால் என்னவென்று தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வாழும் நமக்குக் கற்பனை செய்து பார்க்கத் தேவையில்லை. 2021 ஜூலை 9ஆம் தேதி தொடங்கிய கலவரத்தில் மூயி ரிவர் சுங்கச்சாவடி அருகே லாரிகள் எரிந்து என்3 நெடுஞ்சாலை அடைபட்டது முதல் ராணுவம் வந்து சேரும் வரை, டர்பனின் பல பகுதிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாட்டில் 350 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அடுத்த ஏப்ரலில் வந்த வெள்ளம் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேதப்படுத்திவிட, அங்கிருந்தவர்கள் பல மாதங்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தார்கள். முழுமையான வீழ்ச்சி வந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இவ்விரண்டும் ஒத்திகை.

பத்து முதல் இருபது வீடுகள் சேர்ந்து முதன்முறையாக ஒரு காவல் குழுவை அமைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெனரேட்டர், ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, சோலார் விளக்கு ஆகியவற்றைப் பற்றி விளக்கப் பலர் இருக்கிறார்கள். யாரை எந்த அளவுக்கு நம்புவது, அந்த நம்பிக்கை கெடாமல் எப்படிக் காப்பது என்பதை மட்டுமே இங்கே பார்ப்போம்.

முதல் படி: சிறு பொறுப்பில் சோதியுங்கள்

ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் "நல்ல மனிதர்", "நம் சொந்தக்காரர்" என்றெல்லாம் எழுதாமல், அவர் ஏற்றுக்கொண்டு செய்து முடித்த வேலைகளை மட்டும் எழுதுங்கள். புரட்டாசி மாதக் கோயில் சமையலுக்கு விறகு கொண்டுவருகிறேன் என்றவர் கொண்டுவந்தாரா, இரவல் வாங்கிய பெரிய அண்டாவைத் துலக்கித் திருப்பிக் கொடுத்தாரா, சீட்டுப் பணத்தைத் தன் முறை முடிந்த பிறகும் தவறாமல் கட்டினாரா என்பவையே கவனிக்க வேண்டியவை. சீட்டில் முதலில் எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டுவதைப் பார்த்துத்தான் நம் பாட்டிமார் ஆளை எடைபோட்டார்கள். பக்கத்து வீட்டு சுலு குடும்பங்கள் ஸ்டோக்வெல் என்ற தங்கள் சீட்டை நடத்தும்போதும் அதே கணக்குத்தான். இந்தச் சோதனைக்குக் குறைந்தது ஆறு மாதமாவது தேவைப்படும் என்பதால் அமைதியான காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

இரண்டாம் படி: யாருக்கு எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பொதுச் சேமிப்பில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது, எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கவும் கூடாது. அறைக்கு இரண்டு பூட்டுகள் போட்டு, உறவில்லாத இரண்டு வீடுகளில் ஆளுக்கொரு சாவி கொடுங்கள். வாரம் ஒருமுறை மூன்றாவது வீட்டுக்காரர் ஒருவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடட்டும். திருடுவார்கள் என்ற எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. ஒரு மூட்டை குறைந்தால், சாவி வைத்திருக்கும் நேர்மையானவர் மீது பழி விழக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

இரவுக்காவலுக்கு அடையாளச் சொல் வைப்பதும் இந்தப் படியைச் சேர்ந்தது. எங்கள் தெருவில் முதல் இரவு "வாழைப்பழம்" என்று வைத்தோம், வெளியாட்களுக்கு ழகரம் வராது என்ற புத்திசாலித்தனத்தில். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கே அது வாயில் வரவில்லை. நான்காவது வீட்டில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் சுலு அம்மா இருட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். தெருவில் வாழும் எல்லோருக்கும் வரக்கூடிய சொல்லாகத் தேர்ந்தெடுத்து, தினமும் பொழுது சாயும்போது வாய்வழியாக மட்டுமே மாற்றுங்கள். கைப்பேசியில் அனுப்பினால் அரைமணியில் ஊரெல்லாம் பரவிவிடும்.

மூன்றாம் படி: இருவர் இருவராகக் காவல்

ஒரே வீட்டைச் சேர்ந்த இருவரைச் சேர்த்து நிறுத்த வேண்டாம். ஒரே ஜோடியைத் தொடர்ந்து இரண்டு இரவுகள் போடவும் வேண்டாம். நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஒருவர் விழிப்போடு இருப்பது கடினம். மது அருந்தியவர், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

நான்காம் படி: செய்தியைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

அந்த ஜூலையில் கைப்பேசிகளில் வந்த குரல்பதிவுகளைக் கேட்டவர்களுக்கு வதந்தியின் வேகம் புரியும். வரும் செய்தி எதுவானாலும் குறிப்பேட்டில் "நானே கண்டது", "கண்டவர் சொன்னது", "கேள்விப்பட்டது" என்ற மூன்றில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்கு மட்டுமே ஆட்களை எழுப்பலாம். இரண்டாம் வகைக்கு இருவரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லலாம். மூன்றாம் வகையை யாருக்கும் அனுப்பாதீர்கள். மின்தடை நீளும்போது கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்துபோகும் என்பதால், தெருமுனையிலிருந்து நடந்து சென்று செய்தி சொல்லும் இளையவர் ஒருவரையும் நியமித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தெருமுனையில் நிற்பவரின் கையைக் கட்டுங்கள்

இதை மற்றப் படிகளைவிட நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனெனில் நாம் தவறியது இங்கேதான். 2021இல், நம் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். குடியிருப்பாளர்கள் அமைத்த தடுப்புகளில் மறிக்கப்பட்டுத் தாக்கப்பட்டவர்கள் பலர். 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட டர்பன் கலவரத்தில் 142 பேர் இறந்த நினைவைப் பாட்டன் சொல்லக் கேட்டு வளர்ந்த ஒருவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அச்சத்தில் நிற்பவருக்கு எல்லை வகுத்துக் கொடுக்காத குழு, வெளியிலிருந்து வரக்கூடிய ஆபத்தைவிடப் பெரிய ஆபத்தாகிவிடும். வெளியாரைப் பற்றிய விதிகளுக்கு முன் நம்மைப் பற்றிய விதிகளை எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, கடுங்குற்றத்தைத் தன் கண்முன் செய்பவரைப் பிடித்து விரைவில் காவல்துறையிடம் ஒப்படைக்கத் தனிநபருக்கு இடம் கொடுக்கிறது. பொதுச்சாலையில் போகிற வருகிற வண்டியை மறித்துச் சோதனையிடும் அதிகாரம் தெருக்காவல் குழுவுக்கு இல்லை. ஆகவே தெருமுனையில் நிற்பவர் செய்யக்கூடியது மூன்றுதான்: வணக்கம் சொல்வது, உதவி வேண்டுமா என்று கேட்பது, வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதுவது. அங்கே நிற்கும் இருவரில் ஒருவராவது சுலு பேசுபவராக இருக்க வேண்டும். "சானிபோனானி" என்ற சுலு வணக்கத்துக்கு "உங்களைக் காண்கிறோம்" என்றுதான் பொருள். காவலுக்கு நிற்பவர் சொல்லவேண்டியதும் அதுவே. துப்பாக்கி உரிமம் உள்ளவர் குழுவில் இருந்தாலும் அவரைத் தெருமுனையில் நிறுத்தாதீர்கள்.

எங்கள் குழு இவ்விதியை எழுதுவதற்கு முன்பே ஓர் இரவு, பணி முடிந்து நடந்து வந்த செவிலியர் ஒருவரை எங்கள் பையன்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று கிலோமீட்டர் சுற்றி அவர் வீடு சேர்ந்ததை மறுநாள்தான் அறிந்தோம். அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். கதவு திறந்தது, நாற்காலி போடப்படவில்லை.

ஆறாம் படி: சேர்ப்பதும் நீக்குவதும்

புதிதாக வருபவருக்கு இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். முதல் மாதம் அவருக்குத் தண்ணீர் சுமக்கும் வேலையும் பகல்காவலும் போதும். நீக்குவதென்றால் குற்றச்சாட்டை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லி, பதிலைக் கேட்டு, மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் மட்டுமே நீக்குங்கள். பூட்டுகளையும் அடையாளச் சொல்லையும் அன்று மாலையே மாற்றிவிடுங்கள். அவர் வீட்டுக்குரிய தண்ணீர்ப் பங்கை மட்டும் நிறுத்த வேண்டாம்; அதை எடுத்துச் செல்லும் இருவரில் ஒருவர், அவரை நீக்கக் கூடாதென்று கைதூக்கியவராக இருக்கட்டும்.