பழைய விசிஆர்: நாடா சிக்கினால், படம் புள்ளியடித்தால்

விசிஆரிலிருந்து (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) கேசட்டை வெளியே எடுக்கும்போது நாடா உள்ளே சிக்கி நிற்கிறதா? பெரும்பாலும் ஐட்லர் டயரோ (ரீலைச் சுழற்றும் சக்கரத்தின் ரப்பர் வளையம்) ரப்பர் பெல்ட்டோ தேய்ந்து வழுக்குகிறது. ரீல் சுழலாமல் நாடா தளர்ந்து தொங்கும். பழைய பெல்ட்டைத் தட்டையாக நீட்டி அளந்து இரண்டால் பெருக்கினால் உள்சுற்றளவு கிடைக்கும். அது ஏற்கெனவே தொய்ந்தது என்பதால் 5% குறைத்து வாங்குங்கள்: 200 மி.மீ. என்றால் 190. தடிமனும் ஒத்திருக்க வேண்டும்.

படம் புள்ளியடித்தால், நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. அது டிரம் என்னும் சுழலும் உருளையில் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோலை டிரம்மின் மேல் அசையாமல் வைத்து, டிரம்மைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சு வேண்டவே வேண்டாம். இழை மாட்டினால் ஹெட் போச்சு. பூஞ்சை பிடித்த கேசட்டை உள்ளே விடாதீர்கள்.

பவர் சப்ளையில் உள்ள கெபாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்கும் உதிரி) உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி செல்சியஸ் வெப்பம் தாங்கும் ரகம் போடுங்கள். உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும், கவனம்.

கடைசிவரை விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. புது ஹெட்டைத் தேடி அலைவதைவிட, நாடாவை ஓட்டும் அதே மெக்கானிசம் உள்ள பழுதான விசிஆரை உதிரிக்காக வாங்குவதே மலிவு. பிராண்டு வேறாக இருந்தாலும் பரவாயில்லை.