அனல் மின் நிலையப் புகை எவ்வளவு தூரம் செல்லும்? கணக்கிடத் தொடங்குவோருக்கு ஒரு வழிமுறை

எத்தனை தொலைவு வரை விடை வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பத்து கிலோமீட்டருக்குள் என்றால் எக்செல் தாள் ஒன்றே போதும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்றால் வேறு கருவி தேவைப்படும்.

அடுத்து, மூன்று எண்களைத் திரட்ட வேண்டும்: நொடிக்கு வெளியேறும் கந்தக டை ஆக்சைடு, காற்றின் வேகம், புகையின் பயனுறு உயரம் (புகை மேலெழுந்து நிலைகொள்ளும் உயரம்). வெளியேற்ற அளவு கிடைக்காவிட்டால், ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ கந்தக டை ஆக்சைடு உண்டாகும் என்பதைக் கொண்டு, எரிக்கப்படும் நிலக்கரியின் கந்தகச் சதவீதத்திலிருந்து தோராயமாகப் பெறலாம். வெப்பமான புகை, புகைபோக்கியை விட்ட பிறகும் மேலெழும் என்பதால், பயனுறு உயரம் புகைபோக்கியின் உயரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இனி, புகை பரவிச் செறிவு குறைவதைக் கணக்கிடும் காசியன் புகைத்தாரைச் சூத்திரம். புகை பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் எவ்வளவு பரவுகிறது என்பதைக் காட்டும் மீட்டர் அளவுகளே இதில் வரும் விரிவுகள். வெளியேற்றத்தை, பை × காற்றின் வேகம் × பக்கவாட்டு விரிவு × செங்குத்து விரிவு என்ற பெருக்கத்தால் வகுத்து, உயரத்தைச் செங்குத்து விரிவால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தில் பாதியை எதிர்க்குறியுடன் அடுக்குக்குறிச் சார்பில் (எக்செலில் EXP) இட்டுப் பெருக்கினால், காற்றின் திசையில் தரைமட்டச் செறிவு கிடைக்கும். விரிவுகள் வளிமண்டல நிலைத்தன்மையை, அதாவது காற்று மேல்கீழாக எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்தவை. திறந்தவெளியில் நடுநிலைக் காற்றுக்கு (கலப்பு மிகுதியாகவும் இல்லாமல், தடைபடாமலும் உள்ள நிலை), மீட்டரில் அளந்த தொலைவைத் 'தூ' எனக் கொண்டால், பிரிக்ஸ் என்ற ஆய்வாளரின் வாய்பாடுகள் இவை:

பக்கவாட்டு விரிவு = 0.08 தூ ÷ √(1 + 0.0001 தூ)
செங்குத்து விரிவு = 0.06 தூ ÷ √(1 + 0.0015 தூ)

நொடிக்கு 100 கிராம், 5 மீட்டர் வேகம், 150 மீட்டர் உயரம் என இட்டுப் பாருங்கள். 10 கிலோமீட்டரில் விரிவுகள் 566, 150 மீட்டர் என வந்தால் உங்கள் தாள் சரி. கன மீட்டருக்குச் செறிவு 1 கிலோமீட்டரில் 1 மைக்ரோகிராம்கூட வராது. 5 கிலோமீட்டரில் ஏறத்தாழ 65, 10 கிலோமீட்டரில் 45. உயர்ந்த புகைபோக்கி அடிவாரத்தைக் காப்பாற்றுகிறது, மாசைக் குறைப்பதில்லை.

இந்தச் சூத்திரம் காற்று ஒரே திசையில், ஒரே வேகத்தில் வீசுவதாகக் கொள்வதால், நெடுந்தொலைவுக்குப் பொருந்தாது. அதற்கு, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) இணையத்தில் இலவசமாக வழங்கும் ஹைஸ்பிளிட் (HYSPLIT) என்ற காற்றுப் பாதைக் கணிப்புக் கருவியைப் பயன்படுத்தலாம். மின் நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தொடக்க உயரம், 72 மணி நேரம் ஆகியவற்றை இட்டு, வானிலைத் தரவைத் தேர்ந்தால் பாதைக்கோடு வரையப்படும். அது வழியைக் காட்டுமே ஒழிய, செறிவைச் சொல்லாது. உயரத்துக்கேற்பக் காற்றின் திசை மாறும் என்பதால், ஒரே கோட்டை நம்பாமல் மூன்று உயரங்களிலும், வெவ்வேறு பருவங்களின் பல நாட்களிலும் ஓட்டுங்கள்.

செறிவு வேண்டுமெனில் அதே கருவியின் பரவல் பகுதிக்குச் சென்று, மழையால் கழுவப்படும் அளவையும் சேர்த்து இயக்க வேண்டும். வழியிலேயே கந்தக டை ஆக்சைடின் ஒரு பகுதி சல்பேட் நுண்துகளாக மாறிவிடுவதால், தொலைவில் உள்ள கண்காணிப்பு நிலையத்தின் அளவீட்டோடு ஒப்பிடும்போது வாயுவை மட்டும் பார்க்காமல், பிஎம் 2.5 துகள்களில் (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள நுண்துகள்கள்) உள்ள சல்பேட்டையும் பார்க்க வேண்டும்.