பைட்டோலித் உருவங்களைப் படிப்பது எப்படி: மண்ணிலிருந்து எண்ணிக்கை வரை

வேர்கள் மண்நீரோடு சிலிசிக் அமிலத்தையும் உறிஞ்சுகின்றன. நீர் இலை வழியே ஆவியாகிப் போக, சிலிக்கா செல்லுக்குள்ளும் செல்சுவரிலும் படிந்து இறுகுகிறது. இலை மட்கினாலும் தீயில் எரிந்தாலும் அந்தச் செல்லின் வார்ப்பு மட்டும் மண்ணில் கிடக்கும். அதுவே பைட்டோலித். அளவு பெரும்பாலும் 5 முதல் 100 மைக்ரான் வரை. மகரந்தத்தைப் போல இது காற்றில் நெடுந்தூரம் போவது குறைவு. பெரும்பாலும் செடி மட்கிய இடத்திலேயே தங்கும். மகரந்தம் சிதைந்துபோகும் காற்றோட்டமான மண்ணிலும் இது நிலைத்திருக்கும்.

ஒரே செடி பல உருவங்களைத் தரும். ஒரே உருவம் பல செடிகளில் வரும். ஒற்றைத் துகளைக் கொண்டு செடியின் பெயரைச் சொல்ல முடிகிற இடங்கள் மிகக் குறைவு. கீழே உள்ள வேலை முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சமாளிப்பதற்காகத்தான்.

பிரித்தெடுத்தல்

உலர்ந்த மண் 5 கிராம் போதும். 250 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கார்பனேட்டை நீக்குங்கள். நுரைப்பு நின்றதும் வாலை வடிநீரில் மூன்று முறை கழுவுங்கள். குழாய்நீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் பின்னால் வரும் கனத்த திரவத்தைக் கெடுத்து வெண்படிவு உண்டாக்கும்.

அடுத்து, களிமண்ணை விலக்க வேண்டும். 5% சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் இரவு முழுவதும் குலுக்கி, பீக்கரில் 8 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் படியவிட்டு, மேலே கலங்கி நிற்பதைக் கொட்டுங்கள். நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் 5 மைக்ரான் குவார்ட்ஸ் மணி 8 செ.மீ. இறங்க ஏறத்தாழ அந்த ஒரு மணி நேரம் ஆகும். பைட்டோலித் குவார்ட்ஸைவிட எடை குறைந்தது, மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்பட்டு முன்கூட்டியே கொட்டினால் புல் இலைத்தோலின் குட்டையான செல்களில் (குறுஞ்செல்) உருவாகும் சிறிய உருவங்கள்தான் முதலில் பறிபோகும். களிமண் மிஞ்சினாலோ, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி எதையும் பார்க்க முடியாது.

கரிமப் பொருளை 30% ஹைட்ரஜன் பெராக்சைடில் எரித்துவிடலாம். புகைக்கூண்டுக்குள், சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் பொங்கி மாதிரி பாதி வெளியே போய்விடும்.

பிறகு மாதிரியை முழுக்க உலர்த்துங்கள். இந்த இடத்தில்தான் அதிகம் பிசகுகிறது. ஈரம் மிஞ்சினால் கனத்த திரவம் நீர்த்து, மிதக்க வேண்டியவை மூழ்கிவிடும். கனத்த திரவமான சோடியம் பாலிடங்ஸ்டேட்டை அடர்த்தி 2.3 ஆகக் கரைத்து, 10 மி.லி. 23 கிராம் எடை காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கலன் மட்டும். உலோகம் பட்டால் திரவம் நீலமாகிக் கெடும். மையவிலக்கியில் நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் வைத்தால் குவார்ட்ஸ் அடியில் போகும், பைட்டோலித் மேலே மிதக்கும். அதைப் பைப்பெட்டில் எடுத்து, இரண்டு மூன்று மடங்கு நீர் ஊற்றிக் கீழிறக்கி, மூன்று முறை கழுவி உலர்த்துங்கள். மண்ணே இல்லாத ஒரு வெற்றுக் குழாயும் எல்லாப் படிகளிலும் கூடவே போகட்டும். அதில் பைட்டோலித் தென்பட்டால் மாசு எங்கோ உள்ளே வருகிறது.

ஒப்பீட்டுக்கான செடிகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. நன்றாகக் கழுவிய இலை, தண்டு, உமி ஆகியவற்றைத் தனித்தனியே 500 டிகிரியில் சாம்பலாக்கி, அமிலத்தில் கழுவினால் போதும்.

உருவங்கள்

பெயரிட 2019-இல் வெளியான சர்வதேசப் பெயரிடல் முறையின் இரண்டாம் பதிப்பைப் பின்பற்றுங்கள். சொந்தப் பெயர் சூட்டினால் பிறருடைய எண்ணிக்கையோடு ஒப்பிடவே முடியாது.

புற்களின் குறுஞ்செல்களே அதிகம் பேசும். இரு மடல் கொண்ட பைலோபேட்டும் நான்கு மடல் கொண்ட சிலுவையும் பானிக்காய்டு வகைப் புற்களில் மிகுதி: சோளம், தினை, மக்காச்சோளம். சேண உருவம் அறுகம்புல் போன்ற குளோரிடாய்டு வகையில் மிகுதி. ஆனால் மூங்கிலிலும் நெடிய சேணங்கள் உண்டு. வட்ட அடியும் குறுகிய மேற்புறமும் கொண்ட ரோண்டெல், கோதுமை, பார்லி அடங்கிய பூயாய்டு வகையில் அதிகம். மற்றப் புற்களிலும் தென்படும் என்பதால் தனியாக நம்பக் கூடாது. கிளைத்த விளிம்புடைய நீள்செல் தானிய உமியிலிருந்து வருவது. அது மிகுந்திருந்தால் அங்கே கதிரடித்திருக்கலாம்.

புல் அல்லாதவற்றில், முள் பதித்த உருண்டை பனைக் குடும்பத்தில் மிகுதி, சொரசொரப்பான சிறு உருண்டை மரங்களில், கூம்பு கோரையில், எரிமலை வாய் போன்ற குழியுடைய கூம்பு வாழை இலையில்.

தட்டையாகப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஸ்டிப்பா வகைப் புல்லின் பைலோபேட் மேலிருந்து பார்த்தால் பானிக்காய்டு போலவே இருக்கும். பக்கவாட்டில் திருப்பினால்தான் ஒரு முகம் சிறுத்துச் சரிவகமாகத் தெரியும். எனவே முதல் ஸ்லைடை இம்மெர்ஷன் எண்ணெயில் ஏற்றி, மூடுகண்ணாடியை ஊசி முனையால் மெல்லத் தட்டித் துகளை உருட்டிப் பாருங்கள். கிளிசரின் தவிர்க்கத்தக்கது, அதன் ஒளிவிலகல் எண் 1.47, பைட்டோலித்தினுடையது 1.41 முதல் 1.47 வரை, விளிம்பு கரைந்தாற்போல ஆகிவிடும். நிரந்தர ஸ்லைடுக்குக் கனடா பால்சம் நல்லது.

குறுக்கு முனைவாக்கிகளின் (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு ஒளிவடிகட்டிகளின்) நடுவே பைட்டோலித் இருண்டுவிடும். ஒளிர்வது குவார்ட்ஸாகவோ வேறு படிகமாகவோ இருக்கலாம். டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓடும் கடற்பஞ்சு ஊசியும் எரிமலைக் கண்ணாடியும் இருண்டேதான் தெரியும்; அவற்றை உருவத்தால்தான் பிரிக்க வேண்டும்.

எண்ணுதலும் பொருள் கொள்ளுதலும்

400 மடங்கில், வரிசை வரிசையாக நகர்த்தி, குறைந்தது 250 குறுஞ்செல்கள் சேரும்வரை எண்ணுங்கள். அழகானவற்றைத் தேடிப் போனால் விகிதம் பொய்யாகும். பல செல்கள் ஒட்டிய தகடுகளைத் தனிப் பத்தியில் பதியுங்கள்.

வறட்சிக் குறியீட்டுக்கு, சேணங்களின் எண்ணிக்கையை சேணம், சிலுவை, பைலோபேட் மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். மதிப்பு கூடினால் வறண்ட, குட்டைப் புல்வெளி. இது மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் உருவான கணக்கு. வேறு நிலத்தில் அங்குள்ள இன்றைய மேல்மண்ணில் சோதிக்காமல் பயன்படுத்துவது வீண்.

நெல் இலையின் விசிறி வடிவ பைட்டோலித்தில் விளிம்புச் செதில்கள் 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பயிர்நெல்லின் பக்கம் சாய்கிறது. காட்டுநெல்லிலும் அப்படிச் சில உண்டு. ஆகவே விசிறிகளில் எத்தனை விழுக்காடு அப்படி என்பதையே கணக்கில் எடுக்க வேண்டும். பப்புவா நியூகினியின் குக் சதுப்பில் வாழை வளர்க்கப்பட்டது என்ற முடிவும் இப்படித்தான் வந்தது: இயல்பாக வாழை மிகாத புல்நிலச் சூழலில் வாழை பைட்டோலித் மிகுந்து கிடைத்தது. 2005-இல் மத்திய இந்தியாவின் லமேட்டா படிவுகளில் டைனோசர் சாணப் புதைபடிவத்திலிருந்து எடுத்த புல் பைட்டோலித்துகள், டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தின் இறுதிக்குள்ளேயே புற்கள் பல கிளைகளாகப் பிரிந்திருந்ததைக் காட்டின. அங்கே ஒரு உருவமல்ல, பல உருவங்கள் சேர்ந்தே சான்றாயின.

கிடைக்காததைப் பொருள்கொள்வதில் கூடுதல் கவனம் தேவை. கிழங்குகள் பொதுவாக மிகக் குறைவாகவே பைட்டோலித் தரும். எனவே அவை தென்படாததால் மக்கள் கிழங்கு உண்ணவில்லை என்று ஆகாது. சாம்பல் படிந்த, pH 9-ஐத் தாண்டும் காரத்தன்மையுள்ள அடுக்குகளில் சிலிக்காவே கரையும்; மெல்லியவை முன்னால் போய், தடித்தவை மிஞ்சும். துகள்களின் பரப்பில் குழிகளும் அரிப்பும் தெரிந்தால், அந்த அடுக்கின் விகிதங்களை அரிப்பில்லாத அடுக்கோடு ஒப்பிடாதீர்கள்.