பாலிமரேஸ் எங்கே தயங்குகிறது, எங்கே நிற்கிறது: புரோ-செக் தரவில் பார்க்கும் முறை

பாலூட்டிகளின் செல்லில் பாலிமரேஸ் 2 (டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி) படியெடுக்கத் தொடங்கியதும் நேராக ஓடிவிடாது. பல மரபணுக்களில் 20 முதல் 60 எழுத்து (நியூக்ளியோடைடு) தாண்டியதும் நின்றுவிடும். பிடித்து வைப்பவை நெல்ஃப், டிசிஃப் என்ற புரதக் கூட்டுகள். சிடிகே9 நொதி வந்து பாஸ்பேட் ஏற்றினால் நெல்ஃப் கழன்றுகொள்ளும், ஓட்டம் தொடரும். இதைப் பார்க்க சிப்-செக் (புரதம் டி.என்.ஏ.வில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டும் முறை) வேண்டாம் என்பேன். அது இடத்தை மங்கலாகக் காட்டும், எந்த இழை என்றும் சொல்லாது. புரோ-செக், அதாவது பாலிமரேஸ் எழுதிக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிடித்து வரிசை படிக்கும் முறை, எழுத்து பிசகாமல் காட்டும்.

படி 1: அடாப்டரை (வரிசை படிக்க ஒட்டிய செயற்கைத் துண்டு) வெட்டி, ரீடுகளை (கருவி படித்த வரிசைத் துண்டுகள்) ஜீனோமில் பொருத்துங்கள். வழக்கமான வேலைதான்.

படி 2: பலரும் சறுக்கும் இடம் இது. வழக்கமான புரோ-செக்கில் ரீடு ஆர்.என்.ஏ.வின் 3' முனையிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ரீடின் முதல் எழுத்துதான் பாலிமரேஸ் இருந்த இடம். ரீடு ஆர்.என்.ஏ.வுக்கு எதிர் இழையாக வருவதால் இழையையும் திருப்பிப் போட வேண்டும். இடத்தை எடுக்க, பெட்டூல்ஸ் மென்பொருளில் ஜீனோம்கவ் கட்டளைக்கு ரீடின் 5' முனையை மட்டும் எண்ணச் சொன்னால் போதும். திருப்பியது சரியா என்று ஐஜிவியில் (ஜீனோம் தரவைத் திரையில் பார்க்கும் மென்பொருள்) ஆக்டின் மரபணுவைத் திறந்து பாருங்கள். தொடக்கப் பகுதியை வைத்து முடிவு கட்டாதீர்கள். அங்கே எதிர்த்திசையிலும் படியெடுப்பு நடப்பதால் இரண்டு இழையிலும் முகடு தெரியும், எது சரி என்று புரியாது. மரபணுவின் உடல் பகுதியை (தொடக்கம் தாண்டிய நீண்ட பகுதி) பாருங்கள், சிக்னல் மரபணுவின் இழையில் இருக்க வேண்டும்.

படி 3: தயக்கக் குறியீடு. தொடக்கத்தருகே உள்ள அடர்த்தியை உடல் பகுதியின் அடர்த்தியால் வகுங்கள். மரபணு அட்டவணையில் உள்ள தொடக்கப் புள்ளியை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் செல் வேறு புள்ளியைப் பயன்படுத்தினால் முகடு எல்லைக்கு வெளியே போய்விடும்.

படி 4: முடிவு. ஏஏடிஏஏஏ என்ற முடிவுக் குறி தாண்டி சிபிஎஸ்எஃப்73 என்ற நொதி ஆர்.என்.ஏ.வை வெட்டிய பிறகும் பாலிமரேஸ் ஓடும். மிச்ச ஆர்.என்.ஏ. வாலை எக்ஸ்ஆர்என்2 என்ற நொதி பின்னாலிருந்து தின்றுகொண்டே வந்து பிடித்ததும்தான் பாலிமரேஸ் கழலும். அதனால் மரபணு முடிந்து சில ஆயிரம் எழுத்து வரை சிக்னல் நீள்வது இயல்பு, பிழை இல்லை. உடல் பகுதியை வெட்டுமிடத்தோடு நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: சிலருக்குப் பாலிமரேஸ் ஓட்டமே இல்லாத மரபணுவிலும் தயக்கக் குறியீடு வந்திருக்கிறது. அதே திசையில் முன்னால் இருக்கும் மரபணுவின் வால் சிக்னல் உள்ளே நுழைந்திருக்கும். அப்படி நெருங்கிய ஜோடிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.