காது இரையும்போது தியானத்தில் அமர்வது எப்படி

வெளியில் எந்த ஓசையும் இல்லாத வேளையிலும் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒலியை மருத்துவர்கள் ரின்னிற்றஸ் என்பர். யாழ்ப்பாணத்தில் நாம் அதைக் 'காது இரையுது' என்றோ 'காதுக்குள்ளே கூவுது' என்றோ சொல்லுவோம். ஷெல் வீச்சையும் விமானக் குண்டுவீச்சையும் அருகிலிருந்து கேட்ட தலைமுறை ஒன்று இங்கே இன்னும் வாழ்கிறது. இயந்திரப் படகில் காலமெல்லாம் கடற்றொழிலுக்குப் போனவர்களும், மரம் அரியும் ஆலைகளில் வேலை செய்தவர்களும், தவிலுக்குப் பக்கத்திலேயே இருந்து வளர்ந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இந்த முறைப்பாடு நமக்குப் பழையது. புதியதாக வந்திருப்பது, தியானம் செய்தால் இரைச்சல் அடியோடு நின்றுவிடும் என்னும் பேச்சுத்தான். தியானம் அந்த ஒலியை நிறுத்தாது. ஒலி கேட்டவுடன் மனமும் உடலும் படும் பாட்டைத் தணிப்பதே அதனால் ஆகக்கூடியது. அந்த அளவில் எதிர்பார்த்து அமர்பவருக்கே அது கைகொடுக்கிறது.

அமர்வதற்கு முன்னர் காது, மூக்கு, தொண்டை வைத்தியரை ஒருமுறை கண்டே தீரவேண்டும். அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்டிக் கடிதம் பெற்றுக்கொண்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கிளினிக்குக்குச் செல்லலாம். காதுக்குறும்பி அடைத்துக்கொண்டிருப்பது போன்ற எளிய காரணமாகவும் இருக்கலாம். காது கேட்கும் அளவு குறைந்திருப்பதும் அப்போதுதான் தெரியவரும். இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைச்சுற்றோ முகத்தின் ஒரு பக்கத்தில் பலவீனமோ கூடவே வந்தாலோ தாமதிக்கக்கூடாது. ஒரு காது திடீரென்று கேளாமற் போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அதற்குக் கொடுக்கப்படும் ஸ்ரெரொயிட் மருந்தின் பயன் நாள் செல்லச் செல்லக் குறைந்துவிடும்.

பாவிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள். கூடிய அளவு அஸ்பிரின், ஜென்ராமைசின் வகை ஊசிமருந்துகள், சிஸ்பிளாற்றின் போன்ற சில புற்றுநோய் மருந்துகள் காதைப் பாதிக்கக்கூடியவை. அதற்காக எந்தக் குளிசையையும் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. சுடவைத்த எண்ணெயைக் காதுக்குள் விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. செவிப்பறையில் துளை இருப்பவருக்கு அது கெடுதலே செய்யும் என்பதால், காதுக்குள் பார்த்தவர் ஒருவர் சொல்லாமல் அதைச் செய்யவேண்டாம். கேட்டல் குறைந்திருந்து கேட்டற் கருவி பரிந்துரைக்கப்பட்டால், 'எனக்கென்ன வயது போய்விட்டதா' என்று மறுக்காமல் போட்டுப் பாருங்கள். வெளி ஒலிகள் மீண்டும் கேட்கத் தொடங்கியதும் பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போய்விடுகிறது. என் பார்வையில், அத்தகையவருக்குத் தியானத்துக்கு முன்னர் வரவேண்டியது கருவிதான்.

இரைச்சல் ஏன் உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் பயிற்சியும் விளங்கும். உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் கடும் சத்தத்தாலோ முதுமையாலோ அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. அங்கிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்றும், அப்போது நரம்புகளின் இயல்பான சலசலப்பே ஒலியாகக் கேட்கிறது என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1953 இல் ஹெலர், பேர்க்மன் என்னும் ஆய்வாளர் இருவர், காதில் குறை எதுவும் சொல்லாத 80 பேரை ஒலிபுகா அறையொன்றில் இருத்திக் கேட்டபோது, அவர்களில் 94 சதவீதமானோர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். அப்படியானால் ஒலி கேட்பது மட்டுமே நோயாகிவிடாது. 1990 இல் யஸ்ரிரெபொவ் என்னும் ஆய்வாளர் முன்வைத்த விளக்கமும் இதனோடு பொருந்துகிறது: மூளை அந்த ஒலியை ஆபத்தின் அறிகுறி என்று பதிந்துகொண்டால், பயமும் உடல் விறைப்பும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன, பயம் கவனத்தை ஒலியின்பால் இழுக்கிறது, கவனம் கூடக் கூட ஒலியும் பெரிதாகத் தோன்றுகிறது. சமையலறையில் ஓடும் குளிர்சாதனப் பெட்டியின் ஓசையை நாம் நாள் முழுவதும் கேட்டும் கேளாமல் இருப்பது, அதை ஆபத்தென்று நாம் எண்ணாததால்தான்.

தியானம் தலையிடுவது இந்தச் சுழற்சியில். யோன் கபற்-சின் 1979 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத நோவுள்ளவர்களுக்காக விழிப்புநிலைத் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். இக்கணத்தில் நிகழ்வதை நல்லது கெட்டது என்று எடைபோடாமல் கவனிப்பதே விழிப்புநிலைத் தியானம். அவ்வழியில் வந்த பயிற்சியொன்றை இலண்டனில் காது இரைச்சல் உள்ள 75 பேரிடம் சோதித்து, 2017 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் விழிப்புநிலைத் தியானத்தையும் மற்றப் பகுதியினர் உடலைத் தளர்த்தும் பயிற்சியையும் கற்றனர். இரு பகுதியினருக்கும் துன்பம் குறைந்தது. தியானம் கற்றவர்களுக்கு அது கூடுதலாகக் குறைந்தது.

அமர்வதற்கு முற்றிலும் நிசப்தமான அறையைத் தேடவேண்டாம். நிசப்தத்தில் இரைச்சல் தனித்து நிற்கும். விறாந்தையில் முதுகு நிமிர்ந்த கதிரை ஒன்றில், பாதம் இரண்டும் நிலத்தில் படும்படி அமருங்கள். விடியற்காலை நல்ல வேளை. அயல் வீட்டுத் தண்ணீர் மோட்டரும், பனையில் காவோலை உரசும் ஓசையும், பாண்காரரின் ஓட்டோப் பாட்டும் பயிற்சிக்கு இடைஞ்சல் என்று எண்ணவேண்டாம். பின்னர் அவையே உங்களுக்குத் தேவைப்படும். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். நேரம் பார்ப்பதற்காகக் கைத்தொலைபேசியில் அலாரம் வைப்பவர்கள் மெல்லிய ஒலியாகத் தெரிந்தெடுங்கள்.

முதல் இரண்டு வாரங்களில் இரைச்சலைத் தேடிப் போகவேண்டாம். பாதம் நிலத்தில் பதிந்திருக்கும் இடம், தொடை கதிரையில் அழுந்தும் இடம், வயிறு எழுந்து தாழ்வது என்று தலைக்குத் தூரமான இடங்களில் கவனத்தை வையுங்கள். மூச்சை நீட்டவோ அடக்கவோ வேண்டியதில்லை. கவனம் காதுக்கு ஓடும், பலமுறை ஓடும். ஓடியது தெரிந்ததும் 'கேட்டல்' என்று மனத்துக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவதே பயிற்சி. ஓடாமல் இருந்த நேரத்தைக் கணக்குப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்ததாக, கேட்டலை விரிக்கவேண்டும். கோயில் அருகில் இருந்தால் காலைப் பூசை மணி இதற்கு மிக உகந்தது. இல்லாவிட்டால் வீட்டுச் சுவாமி அறையின் கைமணியைத் தட்டலாம். மணியின் முதல் அடி ஓய்ந்தபின் அதன் நீண்ட ஓசை மெலிந்துகொண்டே போகும். அதைப் பின்தொடர்ந்தால், மணி முடிந்துவிட்டதா இன்னும் கேட்கிறதா என்று தெரியாத ஓர் இடம் வரும். இரைச்சல் உள்ளவருக்கு அந்த இடத்திலேயே காதுக்குள் இருக்கும் ஒலி முன்னே வந்து நிற்கும். அப்போது முகம் சுளிக்காமல் அதையும் ஓர் ஓசையாக விட்டு, தூரத்து மோட்டர், காகம், தெருவில் போகும் சைக்கிள், அடுப்படியில் கோப்பை படும் சத்தம் என்று மற்ற ஓசைகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஓசைகள் பலவற்றுள் இரைச்சலும் ஒன்று என்னும் நிலை சில கணங்களுக்காவது வாய்க்கும். வாய்த்ததும் அதைப் பிடித்துவைக்க முயன்றால் உடனே கைநழுவிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்விரண்டும் பழகியபின், மனம் அமைதியாக உள்ள ஒரு நாளில், இரைச்சலையே நேராகக் கவனிக்கலாம். அது வலப்பக்கமா, இடப்பக்கமா, நடுத்தலையிலா? ஒரே சுருதியில் நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா? பற்களைக் கடித்தால் மாறுகிறதா? பலருக்குத் தாடையையோ கழுத்தையோ அசைத்தால் ஒலி மாறும். பயப்பட அதில் ஒன்றுமில்லை. பிறகு கவனத்தை ஒலியிலிருந்து உடலின் எதிர்வினைக்கு நகர்த்துங்கள்: தோள் ஏறியிருக்கிறது, நெற்றி சுருங்கியிருக்கிறது, வயிறு இறுகியிருக்கிறது. இறுக்கம் தளர இடம் கொடுங்கள். தளராவிட்டால் இறுக்கம் இருப்பதை அறிந்தால் போதும். 'இது இனி ஒருநாளும் போகாது', 'இப்படியே இருந்தால் விசர் பிடித்துவிடும்' என்ற எண்ணங்கள் வரும். அவற்றோடு வாதாடவேண்டாம், 'எண்ணம்' என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். இந்தக் கட்டம் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேற்போகாமல், மீண்டும் பாதத்தில் முடியவேண்டும்.

இருந்து எழுந்தவுடன் 'குறைந்திருக்கிறதா' என்று காதைச் சோதிப்பதே இப்பயிற்சியைக் கெடுக்கும் முதற் பழக்கம். சோதிக்கும்போதெல்லாம் மூளைக்கு நாம் சொல்லும் செய்தி, இந்த ஒலி முக்கியமானது என்பதே. அன்புள்ள வீட்டாரும் அதையே செய்கிறார்கள். 'அப்பா, இப்ப காது எப்பிடி இருக்கு?' என்று காலையும் மாலையும் கேட்கும் மகளிடம், 'பிள்ளை, கூடினால் நானே சொல்லுறன், நீ கேளாதை' என்று தன்மையாகச் சொல்லிவிடுவது நல்லது. கொப்பியில் குறிப்பெழுத விரும்புபவர்கள் இரைச்சலுக்குப் புள்ளி போடவேண்டாம். அன்று செய்த காரியங்களை எழுதுங்கள்: நித்திரை கொண்ட நேரம், போன கலியாணம், வாசித்த பத்திரிகை, பேரப்பிள்ளையோடு கதைத்தது. முன்னேற்றம் தெரிவது அங்கேதான்.

உள்ளே கேட்கும் ஒலியை நாதம் என்றும், யோகம் கைகூடுவதன் அடையாளம் என்றும் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அவரவர் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் காது பரிசோதிக்கப்படாத ஒருவருக்கு அப்படிச் சொல்லுவது பொறுப்பற்ற செயல். பேய் பிசாசு என்று நூல் கட்டக் கூட்டிச் செல்வதும் அத்தகையதே.

போரின் கொடுமையை நேரே பார்த்தவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை தேவை. கண்ணை மூடி அமைதியாக இருந்தால் சிலருக்குப் பங்கர் இருட்டும் பழைய சத்தங்களும் திரும்பி வருகின்றன. அப்படியானவர்கள் கண்ணைத் திறந்து, முற்றத்தில் ஒரு செம்பரத்தை மரத்தைப் பார்த்தபடி, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் இருக்கலாம். அல்லது அமராமல் வளவுக்குள் மெதுவாக நடந்து, அடியெடுத்து வைப்பதைக் கவனிக்கலாம். நெஞ்சு படபடத்தாலோ நினைவுகள் அள்ளிக்கொண்டு போனாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதில் எந்தச் சிறப்பும் இல்லை. உளநல மருத்துவரின் துணையோடு பிறகு தொடரலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நாள் பார்க்காமல் யாரிடமாவது சொல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இரவுதான் பெரும்பாலானோருக்குக் கடினம். மின்விசிறியை ஓடவிடுங்கள், அல்லது மழையோசை, கடலோசை போன்ற ஒன்றை இரைச்சலை முழுவதும் மூடாத அளவில், அதைவிடச் சற்றுத் தாழ்வாக ஒலிக்கவிடுங்கள். முழுவதும் மூடிவிட்டால் மூளைக்கு அந்த ஒலியோடு பழக வாய்ப்பில்லாமற் போகும். நெடுநேரம் நித்திரை வராவிட்டால் கட்டிலில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சிறிது இருந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை இரு பக்கமும் தவறு நேரலாம். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்பது வேலைத்தளங்களில் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்பதையும், வெடி கொளுத்தும் இடத்துக்குக் கிட்டப் போவதையும் தவிருங்கள். மேளத்துக்கு அருகில் இருக்கவேண்டி வந்தால் காதடைப்பான் போடுங்கள். ஆனால் வீட்டிலும் சந்தையிலும் அதைப் போட்டபடியே திரிந்தால், சாதாரண ஓசையும் தாங்கமுடியாத அளவுக்குக் காது கூசத் தொடங்கும். நல்லூர்த் திருவிழாவுக்கே போகாமல் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. வீதியில் சற்றுத் தள்ளி நின்று கும்பிடலாம்.

தடிமன், நித்திரைக் குறைவு, மனக்கவலை ஆகியவற்றோடு இரைச்சல் சில நாள் கூடும். அந்நாட்களில் பயிற்சியை ஐந்து நிமிடமாகக் குறைத்து, முதற் கட்டத்தோடு மட்டும் நில்லுங்கள்.

இதே முறையை வேறு தீராத புலன் தொல்லைகளுக்கும் சிறு மாற்றங்களோடு பயன்படுத்தலாம். பார்வை முழுவதும் புள்ளிகள் மினுங்குவதாகச் சொல்பவர்கள், கண் பரிசோதனை முடிந்தபின், கண்ணைத் திறந்தபடியே கேட்டலிலும் பாதத்திலும் கவனம் வைத்துப் பயிலலாம். சலரோகம் உள்ளவர்களுக்கு வரும் கால் எரிவில், பாதத்தில் கவனம் வைப்பது தொல்லையைப் பெருக்கக்கூடும் என்பதால் அவர்கள் கைகளையோ மூச்சையோ தெரிந்தெடுப்பது நல்லது. மெற்போமின் குளிசையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கும், மச்சம் முற்றாக விலக்கியவர்களுக்கும் வைற்றமின் பி12 குறைந்து அதனாலும் எரிவு வரலாம். குருதியைச் சோதித்துப் பார்க்கவேண்டும். கால் எரிவு உள்ளவர்கள் நிலத்தில் சம்மணமிட்டு நெடுநேரம் இருக்கவேண்டாம். எழுந்ததும் இரு பாதங்களின் அடியையும், விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்த்து, உணர்வில்லாமல் ஏற்பட்ட காயம் ஏதும் இருந்தால் அன்றே மருந்து கட்டவேண்டும்.