சுள்ளியில் இருக்கும் குட்டிப் பாசி (moss) எது?

சாம்பல் நிறத்தில் இலையே இல்லாமல் ஒட்டிக்கிடந்தால் அது லைக்கன் (lichen), பாசியல்ல, விட்டுவிடுங்கள். குளிர்ந்த பகுதிகளில், சுள்ளியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பச்சை உருண்டையாக இருந்தால் உலோட்டா (Ulota), ஆர்த்தோட்ரைக்கம் (Orthotrichum) என்ற இரண்டு பாசிப் பேரினங்களில் எது என்று பார்க்கலாம். ஈரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் தண்ணீர் தெளிக்காமல் காகித உறையில் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் இலைகள் சுருட்டை முடி மாதிரி முறுக்கிக்கொண்டால் பெரும்பாலும் உலோட்டா, நேராகத் தண்டோடு ஒட்டிக்கொண்டால் ஆர்த்தோட்ரைக்கம்.

அப்புறம் பத்து மடங்கு லென்ஸில் வித்துப்பையை, அதாவது வித்துகள் உருவாகும் சின்னப் பையை, பாருங்கள்: இலைகளுக்குள் புதைந்திருக்கிறதா, காம்பில் எழும்பி நிற்கிறதா, அதன் தொப்பியில் மயிர் உண்டா? வித்துப்பை இல்லாத துணுக்கை வைத்து இனப்பெயர் சொல்வது பெரும்பாலும் வீண்வேலை. வித்துப்பை இருந்தாலும் சில இனங்களுக்கு மைக்ரோஸ்கோப்தான் வேண்டும். வித்துப்பைச் சுவரின் துளைகள் மேலாக இருக்கின்றனவா, உள்ளே அமிழ்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டிவரும்.