அரிப்பும் கொப்புளமும்: காரணத்தைக் கண்டறியும் வழி

தோல் அரித்துச் சிவந்து நீர்க்கொப்புளங்கள் எழும்பினால், கைக்குக் கிடைத்த களிம்பைத் தடவும் முன், அவை எங்கே, எந்த வடிவில் வந்திருக்கின்றன என்பதை நல்ல வெளிச்சத்தில் பார்த்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை விரைவில் அடக்கும். ஆனால் வந்திருப்பது படர்தாமரையாக இருந்தால், அதன் விளிம்பை மங்கச் செய்து பரவவிடும், பிறகு மருத்துவரும் அதை அடையாளம் காணத் திணறுவார்.

புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் கொப்புளத்துடன் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவத்தல், தோல் உரிதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், காரணம் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலிப்பு மருந்துகளும் சல்பா எனும் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இத்தகைய எதிர்விளைவுக்குப் பெயர் பெற்றவை.

வடிவம் பல நேரங்களில் பாதி விடையைச் சொல்லிவிடும். உடலின் ஒரே பக்கத்தில், பட்டையாக, எரிச்சலும் வலியும் முன்வர எழும் கொத்துக் கொப்புளங்கள் பெரும்பாலும் அக்கி; அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்பதால், காவி குழைத்து அக்கி எழுதிவிட்டுக் காத்திருப்பது சரியல்ல. மழைக்காலத்தில் காலையில் எழும்போது கழுத்திலோ கையிலோ சாட்டையால் இழுத்தாற்போல் ஒரு கோடு எரிந்தால், விளக்கொளிக்கு வரும் பெடரஸ் என்ற கருப்பும் ஆரஞ்சும் கலந்த சிறு வண்டைச் சந்தேகிக்கலாம். அது கடிப்பதில்லை, தோல்மேல் நசுக்கப்படும்போது வெளிப்படும் நஞ்சுதான் ஒன்றிரண்டு நாளில் கொப்புளமாகிறது, முழங்கை மடிப்பில் பட்டால் எதிர்ப்பக்கத் தோலிலும் அதே அச்சு விழும். இரவில் அரிப்பு கூடி, விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் அது சொறிசிரங்காக இருக்கலாம்.

இவை எதிலும் அடங்காதபோது, தொட்ட பொருளால் வரும் ஒவ்வாமையை நினைக்க வேண்டும். கண்டுபிடிப்பது கடினமாவது இங்கேதான், ஏனெனில் பொருள் பட்டவுடன் அரிப்பு வருவதில்லை. பொதுவாக ஒரு நாள் முதல் மூன்று நாள் கழித்தே வரும். ஆகவே இன்று காலை செய்ததை மட்டும் நினைத்துப் பார்க்காமல், மூன்று நாள் பின்னோக்கிச் சென்று தொட்டது, பூசியது, உடுத்தியது அனைத்தையும் எழுத வேண்டும். "பத்து வருடமாக இதே தலைச்சாயத்தைத்தான் போடுகிறேன்" என்பது அந்தச் சாயத்தைக் குற்றமற்றதாக்காது. நெடுநாள் பழகிய பொருளுக்கும் ஒவ்வாமை புதிதாக உண்டாகும். தலைச்சாயத்தின் விளைவு உச்சந்தலையை விட நெற்றி ஓரத்திலும் காதிலும் இமையிலும் தெளிவாகத் தெரியும். ரப்பர் செருப்பு தன் வாரின் வடிவத்தையே பாதத்தில் பதிக்கும். தொப்புளுக்குக் கீழே மட்டும் அரித்தால் பெல்ட் கொக்கியின் நிக்கலைப் பாருங்கள். கொத்தனாரின் கைகளில் சிமெண்டில் உள்ள குரோமேட் என்ற உப்பையும், தோட்ட வேலை செய்பவரின் முகத்திலும் கழுத்திலும் பார்த்தீனியம் என்ற களைச்செடியையும், முந்திரி உடைப்பவரின் விரல்களில் ஓட்டு எண்ணெயையும் முதலில் நினைக்க வேண்டும். முந்திரி ஓட்டுக்கு ஒவ்வாதவருக்கு மாங்காய்ப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். புண்ணுக்குப் பூசும் நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பே புண்ணைச் சுற்றிக் கொப்புளம் எழுப்புவதும் உண்டு. இத்தனை இருக்க, கத்தரிக்காயையும் கருவாட்டையும் மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பதால் இவ்வகைக் கொப்புளத்துக்கு விடை கிடைப்பது அரிது.

சந்தேகப் பொருள்களை நிறுத்திய பின் தோல் முழுமையாக ஆறட்டும். முகக் களிம்பு போன்று பூசி அப்படியே விட்டுவிடும் பொருளாக இருந்தால், முழங்கையின் உட்புறம் சிறிதளவு தினமும் இருமுறை ஒரு வாரம் தடவிப் பார்க்கலாம். அரித்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். தலைச்சாயம், சிமெண்ட், சோப்பு ஆகியவற்றை இப்படிச் சோதிக்கக் கூடாது.

அப்போதும் பிடிபடாவிட்டால் தோல் மருத்துவரிடம், சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் சோதனை கேளுங்கள். ரத்தத்தில் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனை இதற்கு உதவாது. முதுகில் ஒட்டப்படும் பொருள்களை 48 மணி நேரம் நனையாமலும் வியர்க்காமலும் காத்து, எடுத்தவுடன் ஒருமுறையும் இரண்டொரு நாள் கழித்து மறுமுறையும் காட்ட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் முன்கூட்டியே அதைச் சொல்ல வேண்டும். எழுதி வைத்த பட்டியலையும், எடுத்த படங்களையும், செருப்பையும், சாய உறையையும் உடன் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் முதுகில் சிவந்த பொருள் உங்கள் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்ட பிறகே அதைக் காரணம் என்று உறுதிசெய்ய முடியும்.